கோலத்தில் ஒளிந்த கணக்கு

பாகான் டத்தோ,
பேராக்.

அன்புள்ள நண்பருக்கு,

பேராக் நதி கடலோடு சங்கமிக்கும் இடத்துக்கு அருகே, தென்னையையன்றி வேறு விருட்சமே பூமியில் இல்லையோ என்று மயங்கச் செய்யும் இப்பிரதேசத்துக்கு, கொப்பரைத் தோட்டங்களில் உழைக்க வந்த நம்மவர் கொணர்ந்த சொத்துக்களுள், எந்தச் சுங்கத்துக்கும் அகப்படாத ஒன்று சிக்குக் கோலம்.

பழைய லயத்து வீடொன்றின் வாசலில் மூதாட்டி ஒருவர், வரிசைக்கு நான்காக மூன்று வரிசைப் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கிடையே சாய்வாக ஓடி ஓரத்துப் புள்ளியை வளைத்துத் திரும்பும் இழையைக் கை எடுக்காமல் இழுத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தார். நாலுக்கு நாலு வைத்தால் என்னவாகும் என்றேன். "அது ஒரே இழையா வராதுங்க ஐயா, நாலாப் பிரிஞ்சிடும்" என்றார், போட்டுப் பாராமலே.

சதுரமாகவோ நீள்சதுரமாகவோ நேர்ப்புள்ளி வைத்து, நடுவே எந்த மாற்றமும் செய்யாமல் பின்னும் கோலத்தில், வரிசைகளின் எண்ணிக்கையையும் வரிசைக்குரிய புள்ளிகளையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழைகளே அமையும். மூன்றுக்கும் நான்குக்கும் அவ்வெண் ஒன்று. நான்குக்கும் நான்குக்கும் நான்கு. யூக்ளிட் காணும் வழி சொன்ன மீப்பெரு பொதுக் காரணியை, அவர் பெயரையே கேட்டிராத அம்மூதாட்டி அரிசி மாவில் அறிந்திருந்தார். ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளியிட்டு வரையும் 'சோனா' சித்திரங்கள் சிலவற்றிலும் இதே விதியைப் பௌலுஸ் கெர்டெஸ் என்ற கணித அறிஞர் எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர்களுக்கும் நமக்கும் யாதொரு பந்தமும் இருந்ததாகத் தெரியவில்லை; எண்ணுக்குத் தேசம் ஏது?

நம் தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இலேயே கோலங்களை இலக்கண விதிகளாக வகுத்து, கணினிச் சித்திர இதழொன்றில் கட்டுரை வெளியிட்டனர். ஆயினும் அக்கணிதம் நம் பள்ளிப் பாடநூல்களில் வாசல் வரையேனும் வந்ததா? நான் கண்டவரை இல்லையென்பதே என் வருத்தம்.

கணக்கு வாத்தியாராகிய நீர் இதைச் செய்யும்: பிள்ளைகளிடம் மாவைக் கொடுத்து, வரிசைக்கு 9 புள்ளியாக 6 வரிசை வைக்கச் சொல்லி, எத்தனை இழை வரும் என்று முதலில் ஊகிக்க விடும்; மூன்று என்று முதலில் சொல்லும் பிள்ளை யார் என்பதை எனக்கு எழுதும்.

அன்புடன்,
உம் நண்பன்