பழைய கீபோர்ட் வாங்கப் போறீங்களா? காசு அனுப்ப முதல் இதை வாசிங்க



பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு இருந்து வாசியுங்கள்.

சில மாதங்களாக என் வட்ஸ்அப்புக்கு ஒரே மாதிரிப் படங்கள் வருகின்றன. கீபோர்ட், கிட்டார், மிக்ஸர், ஸ்பீக்கர். கீழே, "சேர், இது நல்லதுங்களா? வாங்கலாமா?" என்று ஒரு வரி. நான் கணிதம் படிப்பிக்கிறவன், சங்கீத ஆசிரியர் இல்லை. ஆனாலும் பாடசாலைக்கு மைக் வாங்கினாலும் ஸ்பீக்கர் திருத்தினாலும் விலை பேச என்னைத்தான் அனுப்புவார்கள். "முஸ்லிம் சேருக்கு ஏன் இந்த மேளதாள வேலை" என்று பகிடி பண்ணுகிறவர்களும் உண்டு. எனக்குச் சுருதி விளங்காதுதான். பற்றுச்சீட்டு நன்றாக விளங்கும்.

புதுச் சாமான் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 2022 ஆரம்பத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது, அந்த வருடம் மே மாதமாகும்போது 360 அளவுக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து வரும் கீபோர்ட்டின் விலையும் அதோடு சேர்ந்து ஏறியது, பிறகு இறங்கிப் பழைய இடத்துக்கு வரவே இல்லை. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது 2024இல். அந்தக் கணக்கில், 60,000 ரூபாவுக்கு ஒரு பழைய கீபோர்ட் வாங்க 44 முழுப் பேருக்கு மேல் வேண்டும். அதுவும் அரிசி, மா, பஸ் காசு ஒன்றுக்கும் தொடாமல் வைத்தால். ஆகவே நம்முடைய பிள்ளைகள் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸையும் இக்மனையும் தேடிப் போவதில் ஒரு பிழையும் இல்லை. நல்ல சாமான், நல்ல மனுசர் அங்கே நிறைய உண்டு. "இக்மன்" என்றால் சிங்களத்தில் சீக்கிரம். விளம்பரம் போடுவதற்குப் பொருத்தமான பெயர். வாங்குகிறவருக்கு அது சரிவராது.

நம்முடைய பக்கத்துத் தோட்டத்து இளைஞர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், தளத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்றார்கள். மார்கழி பஜனைக்கும், சாதாரண தரத்துக்குச் சங்கீதம் எடுக்கும் இரண்டு பிள்ளைகள் பழகுவதற்கும் என்று சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்தார்கள். ஒன்லைனில் ஒரு யமஹா கீபோர்ட். வெளியில் மற்றவர்கள் கேட்கும் விலையில் பாதிதான். விளம்பரக்காரர் தான் வெளிநாடு போகப் போவதாகவும், அவசரமாக விற்பதாகவும், இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். "தூர இடம்தானே தம்பி, வந்து அலைய வேண்டாம், பாதிக் காசு போடுங்க, கூரியரில் அனுப்புறேன்." பேச்சு அவ்வளவு மரியாதை. பிள்ளைகள் 25,000 ரூபா போட்டார்கள். அடுத்த நாள் "கூரியருக்கு இன்ஷூரன்ஸ்" என்று இன்னும் 4,000 கேட்டார். அதையும் போட்டார்கள். அதற்குப் பிறகு போன் ஓய்ந்துவிட்டது.

பொலிசில் முறைப்பாடு செய்யக் கூடப்போனது நான். போகும்போதே அந்த விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். அதே படம், அதே மேசை விரிப்பு, வேறு ஒரு நாட்டு விளம்பரத்தில் இருந்தது. காசு போன வங்கிக் கணக்கின் பெயரும் போனில் பேசிய ஆளின் பெயரும் வேறு. "அது எங்க மச்சான்ட கணக்கு" என்று அந்த ஆள் முதலிலேயே சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை காசு திரும்பவில்லை. சீட்டுக் காசு கட்டியவர்களில் ஓர் அம்மா, "பரவாயில்ல சேர், புள்ளைகள ஏசாதீங்க" என்றார். எனக்குத்தான் அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

அந்தப் பிள்ளைகளில் முட்டாள் ஒருவரும் இல்லை. ஒருவன் கணிதத்தில் ஏ எடுத்தவன். ஏமாற்றுகிறவர் நம்முடைய தூரத்தையும் நம்முடைய கூச்சத்தையும்தான் பயன்படுத்துகிறார். இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையத்தில், 6226 அடியில் இருக்கிறோம். கொழும்புக்குப் போய் ஒரு சாமானைப் பார்த்துவர ஒரு நாள் சம்பளமும் போய்விடும், இரவும் போய்விடும். இதுக்காக அவ்வளவு தூரமா என்ற யோசனை வந்ததும் அட்வான்ஸ் போட மனம் இளகும். அங்கேதான் நிற்க வேண்டும். தூரம் என்றால் அந்தச் சாமான் நமக்கு இல்லை. நானுஓயா, நுவரெலியா, ஹட்டன், வெலிமடை, பண்டாரவளை என்று, காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இடத்தில் இருப்பதை மட்டும் தேடுங்கள். ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை.

என் வாப்பா சில்லறைக் கடை வைத்திருந்தவர். கடன் கேட்டு வருகிறவரைவிட, அவசரமாக விற்க வருகிறவரைத்தான் அவர் கூடுதலாகக் கவனிப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. விலை பாதி, அவசரம், பொருளைக் காட்டாமல் காசு: இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நான் அடுத்த கேள்வி கேட்கமாட்டேன்.

சந்தேகம் இல்லாத இடத்திலும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு தாளில் உங்கள் பெயரையும் இன்றைய திகதியையும் எழுதி, கீபோர்ட்டின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் இலக்கத்தையும் கேளுங்கள். சாமான் கையில் இருக்கிறவருக்கு இது இரண்டு நிமிட வேலை. "என்னை நம்பலையா" என்று கோபித்தால் கோபிக்கட்டும். கூரியரில் வந்த பிறகு காசு கொடுக்கும் முறை அட்வான்ஸை விட நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார்கள். பெட்டிக்குள் கீபோர்ட் இருந்தாலும், வேலை செய்கிறதா என்று அப்போது தெரியாது. போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கூடுதல் காசு போவது இங்கேதான்.

ஆறு பென்டோர்ச் பற்றரி கொண்டு போங்கள். யமஹாவின் சின்னக் கீபோர்ட்டுகளில் பிந்தி வந்த பல மாடல்கள் அதில் வேலை செய்யும், பழையவை சிலவற்றுக்கு மட்டும் பெரிய டோர்ச் பற்றரி வேண்டும். பற்றரி இருந்தால் ஸ்டேஷன் வாங்கிலில் வைத்தே அடித்துப் பார்க்கலாம், "இங்க கரண்ட் இல்ல, வீட்டுல போட்டுப் பாருங்க" என்ற கதைக்கு இடமில்லை. டெமோ பாட்டைப் போட்டு ஏமாறாதீர்கள், கட்டைகள் பழுதானாலும் டெமோ அழகாகப் பாடும். இடப்பக்கம் கடைசியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, வெள்ளையும் கறுப்பும், மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை அழுத்துங்கள். மெதுவாக அடித்தாலும் சில கட்டைகள் திடீரென்று கத்தினால், அல்லது சத்தமே வராவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும் அல்லது அழுக்காகியிருக்கும். நம்முடைய ஊர் ஈரத்துக்கு இது சாதாரணம். திருத்தலாம், ஆனால் அந்தக் காசை விலையில் கழிக்க வேண்டும். சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா, ஹெட்போன் ஓட்டையில் இரண்டு காதுக்கும் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு அடெப்டர். இதை யாரும் கவனிப்பதில்லை. யமஹாவின் சின்னக் கீபோர்ட்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட், முனையின் நடுப்பக்கம் பிளஸ். கெசியோவின் பழைய மாடல்கள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுப்பக்கம் மைனஸ். முனை பொருந்துகிறது என்று ஒன்றினுடையதை மற்றதில் குத்தினால் போர்ட் எரியலாம். கீபோர்ட்டின் பின்னால் அந்த வட்டக் குறி போட்டிருக்கும், அடெப்டரிலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் இப்போது நிறைய விற்கிறார்கள். சாமான் தரம்தான், ஆனால் ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட், நம்முடைய வீட்டில் 230. அம்ப் அல்லது பெரிய கீபோர்ட்டின் பின்னால் 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், நேரே பிளக்கில் குத்தினால் அதோடு முடிந்தது. ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதற்கும் காசு. "100 முதல் 240" என்று எழுதியிருந்தால் பயமில்லை. லயத்து வீட்டில் புகை வந்தால் எரிவது அம்ப் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

மைக் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஷூர் எஸ்.எம். 58 என்ற மைக்கை எல்லா மேடையிலும் பார்த்திருப்பீர்கள். 1966இல் வந்தது. அதற்கு உலகம் முழுக்கப் போலி உண்டு, பெட்டி, பை, ஸ்டிக்கர் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். அசல் 298 கிராம். போலி பெரும்பாலும் பாரம் குறைவு. பலசரக்குக் கடைத் தராசே போதும். சாதாரண மாடலில் ஒன், ஓப் சுவிட்ச் கிடையாது, சுவிட்ச் உள்ளது வேறு மாடல்.

கிட்டாரைக் கண்ணுக்கு நேரே துவக்குப் பிடிப்பதுபோலப் பிடித்து, கழுத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலம் ஒட்டிய இடத்தில் தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் காசு கொடுக்கலாம். அப்போதும் ஒரு தாள். விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சாமானின் மாடல், சீரியல் இலக்கம், விலை, திகதி, இரண்டு பேரின் கையெழுத்து. இது நம்பிக்கையில்லாத வேலை என்று கூச்சப்படாதீர்கள். நாளைக்கு அது ஏதோ ஒரு தேவாலயத்திலோ பாடசாலையிலோ களவு போன சாமான் என்று பொலிஸ் வந்தால், களவுச் சாமான் என்று தெரிந்து வாங்கவில்லை என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தத் தாள்தான். தனியே போகாதீர்கள். பெண்பிள்ளைகள் கட்டாயமாக வீட்டுப் பெரியவர் ஒருவரோடு போங்கள். சந்திக்கும் இடம் வங்கி வாசல், ஸ்டேஷன், ஆட்கள் நடமாடும் கடை. காசைக் கையில் சுமக்காமல், சாமானைப் பார்த்த பிறகு அங்கேயே போனிலிருந்து அனுப்புவது நல்லது. அனுப்பிய பிறகு திருப்பி எடுக்க முடியாது என்பதால், அது கடைசி வேலையாக இருக்கட்டும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "காசு போட்டாச்சு" என்று ஸ்லிப்பின் படம் வரும். படத்தை யாரும் செய்யலாம். உங்கள் கணக்கில் காசு விழுந்ததைப் பார்க்கும்வரை சாமானைக் கையைவிட்டு விடாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் வங்கிக்கு அழைப்பு, அடுத்தது பக்கத்துப் பொலிஸ். வட்ஸ்அப் பேச்சை, விளம்பரத்தை, ஸ்லிப்பை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். எங்கள் பிள்ளைகள் கோபத்தில் பாதியை அழித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

அந்த இளைஞர்கள் போன மாதம் பண்டாரவளையில் ஒரு கீபோர்ட் வாங்கிவிட்டார்கள். கேட்டது 62,000. மேல்பக்கத்து எஃப் ஷார்ப் கட்டை மட்டும் சத்தம் கொடுக்கவில்லை, விற்றவர் தானே அதைக் காட்டினார். 54,000க்கு முடிந்தது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்களாம். நல்ல குளிர், மூடுபனி. வந்தவுடன் ஒன் பண்ண வேண்டாம், இரண்டு மணித்தியாலம் உறைக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தேன். குளிரிலிருந்து அடுப்புச் சூட்டுக்கு வந்தால் உள்ளே நீர் பூக்கும். அரை மணித்தியாலம்தான் பொறுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அவர்கள் கொண்டு போன ஆறு பற்றரியும் இப்போது என் மேசை லாச்சியில் இருக்கின்றன. சாமான் பார்க்கப் போகிறவர்கள் பாடசாலை விட்ட பிறகு வந்து வாங்கிக்கொண்டு போகலாம். டோர்ச்சுக்குப் போட்டுத் தீர்த்துவிடாமல் திருப்பித் தாருங்கள்.