பதினோராவது இலக்கம்

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டால் சைக்கிள்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் குஷி. பெட்ரோல் வாடையோடு டேங்கர் கூட்ஸ் மெல்ல ஊர்ந்து வரும். ஒவ்வொரு வேகனிலும் பெயின்ட்டில் பதினோரு இலக்க எண் எழுதியிருக்கும்.

பெரியப்பாவுக்குத் தண்டையார்பேட்டை யார்டில் வேகன் நம்பர் எடுக்கும் வேலை. சில நாள் கேட்டருகே என்னோடு நின்று, வண்டிக்கு முதுகைக் காட்டியபடி சொல்வார்: "நம்பர படிடா. கடசி நம்பர் மட்டும் சொல்லாத." நான் பத்து இலக்கம் படிப்பேன். பதினோராவதை அவர் சொல்வார். ஒருநாளும் தப்பியதில்லை. ஏதோ மந்திரம் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். 4006982753 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் வேகன் வகை. 40 என்றால் டேங்கர். அடுத்த 06 தெற்கு ரயில்வே. 98, கட்டிய வருடம். மீதி நான்கும் வேகனின் சொந்த எண். இரட்டைப்படை இடங்களில் இருக்கும் 0, 6, 8, 7, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 24; மூன்றால் பெருக்கினால் 72. ஒற்றைப்படை இடங்களின் கூட்டுத்தொகை 20. மொத்தம் 92. அடுத்த முழுப் பத்தான 100-ஐத் தொட இன்னும் 8 வேண்டும். அந்த 8-தான் பதினோராவது இலக்கம்.

"ஏன் பெரியப்பா மூணால பெருக்கணும்?"

"அஞ்சால பெருக்கிப் பாரு, தெரியும்."

பார்த்தேன். சரியான இலக்கத்துக்கும் தப்பான இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இரட்டை எண்ணாக இருந்தால், அதை ஐந்தால் பெருக்கும்போது கடைசியில் பூஜ்யம் வந்து தவறு மறைந்துவிடுகிறது. மூன்றை 1 முதல் 9 வரை எதால் பெருக்கினாலும் பூஜ்யம் வராது. ஆகவே ஒரே ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். 98-ஐ 89 என்று மாற்றி எழுதினால் மொத்தம் 94 ஆகி, கடைசி இலக்கம் 6 என்று வரும், அகப்பட்டுக்கொள்வோம்.

ஆனால் அதே எண்ணில் 27-ஐ 72 ஆக்கிப் பார்த்தேன். மொத்தம் 82, கடைசி இலக்கம் மறுபடியும் 8! பக்கத்துப் பக்கத்து இலக்கங்களுக்குள் வித்தியாசம் ஐந்து என்றால் இடம் மாறினாலும் கணக்குக்குத் தெரியாது. ஓடிப்போய்ச் சொன்னேன். பெரியப்பா சிரித்தார். "அதுக்குத்தான் நாங்க ரெண்டு வாட்டி படிக்கிறது."

எங்கள் பக்கம் கணக்கு என்றாலே ராமானுஜன் பேச்சுதான். 1912 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ராயபுரத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகமும் உண்டு. அங்கே போகும் வயது வருமுன்பே, பெரிய எண்ணைக் கண்டு மிரளாமல் அதற்குள் புகுந்து பார்க்க கூட்ஸ் வண்டி என்னைப் பழக்கிவிட்டது.

நீங்களும் பார்க்கலாம். வேகன் வேண்டாம், பிஸ்கட் பாக்கெட் போதும். பார்கோடுக்குக் கீழே பதின்மூன்று இலக்கம் இருக்கும். முதல் பன்னிரண்டை இதே மாதிரி கூட்டுங்கள். கடைசி இலக்கம் தானாக வரும்.