ஒரு வண்டி, இரு சாரதியர்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் முறைகள் பல. அல்சூர் ஏரிக்கரையில் உலவுவோர் உளர்; ஊரிலிருந்து வந்த உறவினரோடு லால்பாக் செல்வோரும் உளர். நாங்களோ ஆண்டில் சில ஞாயிறுகளில் தலைக்கவசம் அணிந்து, நகர்ப்புறத்துப் புழுதி மைதானங்களில் கார்ப் போட்டியில் கலந்துகொள்கிறோம். எங்களுள் ஒருவர் மத்திய அரசு அலுவலக எழுத்தர். மற்றவர் அவருடைய துணைவியார். இருவரும் நாற்பதைக் கடந்தவர்கள். இச்செய்தி கேட்டு நகைக்கும் நண்பர்களுக்கு விடையாக அமைவதே இக்கட்டுரை.

ஆட்டோகிராஸ் எனப்படும் இவ்விளையாட்டு, பலரும் எண்ணுவது போல் கார்கள் ஒன்றையொன்று முந்தும் பந்தயமன்று. திறந்த வெளியில் கூம்புகளை நட்டு, வளைவும் நெளிவுமாய் ஒரு பாதை அமைப்பர். பெரும்பாலும் வண்டிகள் தனித்தனியே ஓடும், கடிகாரமே எதிராளி. கூம்பைத் தட்டினால் தண்டமாகச் சில விநாடிகள் கூடும். போட்டிக்கு முன் வண்டியைத் தணிக்கை செய்வதும் உண்டு. கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தருக்கு இது மட்டும் பழகிய செயலாகவே தோன்றிற்று!

தென்னாட்டிற்குக் கார்ப் போட்டி புதியதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில், சென்னை மக்கள் பல்லாண்டுகள் பந்தயம் கண்டு களித்தனர். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் எழுந்தது. இங்கே கர்நாடக மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கே-1000 ராலி புகழ் பெற்றது. அவை பெரும்பொருளும் பெரும்பயிற்சியும் வேண்டுபவை. அன்றாடம் ஓட்டும் காரையே கொண்டுசென்று எளியோரும் கலந்துகொள்ள இடந்தருவது ஆட்டோகிராஸ். அமெரிக்காவில் 1973-இல் இதற்கெனத் தேசிய அளவிலான முதல் போட்டி நடந்தது. அங்கே ஒரே காரை இருவர் மாறிமாறி ஓட்டிப் போட்டியிடுதல் இயல்பான வழக்கம்.

கணவனும் மனைவியும் இத்துறையில் ஈடுபடுதல் புதுமையோ எனில், அதுவும் அன்று. ஸ்வீடன் நாட்டு எரிக் கார்ல்சன் 1962, 1963 ஆகிய ஈராண்டும் மான்டி கார்லோ ராலியை வென்றவர். அவர் 1963-இல் மணந்த பாட் மாஸ், 1960-இலேயே லியேஜ்–ரோம்–லியேஜ் என்னும் கடும் போட்டியில் ஆடவரையெல்லாம் பின்தள்ளி முதலிடம் பெற்றவர். வண்டி ஓட்டும் கலைபற்றி இருவரும் இணைந்து நூலொன்றும் எழுதினர். நம் பழங்கதையிலோ, போர்க்களத்தில் தயரதனுக்குத் தேர் செலுத்தியவள் கைகேயி அன்றோ?

எழுத்தரின் ஊதியத்தில் இரண்டாவது கார் என்னும் பேச்சிற்கே இடமில்லை. எனவே பதினோராண்டு உழைத்த சிறிய கார் ஒன்றையே இருவரும் ஓட்டுகிறோம். கணவர் பொதுப்பிரிவில் ஓட்டி முடித்து இறங்குவார். மனைவி இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருத்தி அமர்வார். "மூணாவது திருப்பத்துல மண்ணு இளகியிருக்கு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைப்பார். விநாடிக் கணக்கில் மனைவியே விரைவானவர் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டுள்ளோம்.

ஒரு ஞாயிறன்று மகளிர் பிரிவில் இரண்டு சுற்றுகள் முடிந்தபோது அவரே முதலிடத்தில் இருந்தார். ஒரு சுற்று எஞ்சியிருந்தது. அப்போது கிளட்ச் கருகும் வாடை எழுந்தது. திருப்பத்தூரில் இருக்கும் எங்கள் அன்னையாருக்கு மறுநாட் காலையில் கண்புரை அறுவை. அன்றிரவே கிருஷ்ணகிரி வழியே காரில் சென்று சேர வேண்டும். மனைவி எவரையும் கேட்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இறுதிச் சுற்றில் மற்றொரு பெண்மணி அவரை அரை விநாடியில் முந்தினார். எங்களுக்குக் கிட்டியது இரண்டாமிடம்.

இரவு வீடு சேர்ந்ததும் செய்தியறிந்த அன்னையார், "ஏம்மா, எனக்காகவா ஓட்டாம வந்துட்ட?" என்றார். "இல்ல அத்தை, வண்டிக்காகத்தான்" என்றார் மருமகள். அவ்விடை முழு உண்மையன்று என்பதை அன்னையாரும் அறிவார், நாங்களும் அறிவோம்.

ஒரே வண்டியில் இருவர் போட்டியிடும்போது, முதலில் ஓட்டுபவர் அதன் ஆற்றல் முழுவதையும் தமக்கே செலவிட்டுவிடல் ஆகாது. அடுத்து அமர்பவருக்கும், அதன்பின் அவ்வண்டியை நம்பியிருப்போருக்கும் எஞ்சுமாறு ஓட்டுதல் வேண்டும். ஊரைவிட்டு வந்து, ஒரு வருவாயையும் இரண்டு அறைகளையும் கொண்டு குடும்பம் நடத்தும் நம்மவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் இதைத்தானே செய்கின்றனர்? மைதானத்தில் அதைக் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள்; வேறுபாடு அவ்வளவே. அடுத்த போட்டியிலும் பெயர் கொடுத்துள்ளோம். இம்முறை முதலில் ஓட்டுபவர் மனைவி.