‘வீரர்’ என்று எழுதுவதற்கு முன்

1982 ஏப்ரல் 2 முதல் ஜூன் 14 வரை, தென் அட்லாண்டிக்கின் ஒரு தீவுக்கூட்டத்திற்காக அர்ஜென்டினாவும் பிரிட்டனும் 74 நாள்கள் போரிட்டன. அர்ஜென்டினத் தரப்பில் 649 பேரும், பிரிட்டானியத் தரப்பில் 255 பேரும், தீவுவாசிகள் மூவரும் மாண்டனர். ஆங்கிலத்தில் அத்தீவுகள் ஃபாக்லாந்து, ஸ்பானியத்தில் மால்வினாஸ். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சொல்பவரின் பக்கமும் தெரிந்துவிடும் என்பதால், ஐ.நா. ஆவணங்கள் இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றன.

அப்போரில் பங்கேற்றோரின் நேர்காணல்கள் சிலவற்றைத் தமிழாக்க முயன்று வருகிறேன். “நமக்கும் இந்தப் போருக்கும் என்ன தொடர்பு?” என்று துறை நண்பர் ஒருவர் வினவினார். தொடர்பு உண்டு. பிரிட்டானியக் கடற்படையின் தலைமைக் கப்பலாகச் சென்ற ஹெர்மிஸ்தான் 1987இல் ஐ.என்.எஸ். விராட் ஆயிற்று, 2017இல் ஓய்வுபெற்று, பின்னர் குஜராத்தின் அலங்கில் உடைக்கப்பட்டது. கப்பலுக்குப் பெயர் மாற்றுவது எளிது. அந்தப் போரிலிருந்து திரும்பிய மனிதருக்கு என்ன பெயரிடுவது என்பதோ இன்றளவும் தீராத வழக்கு.

பிரிட்டன் அனுப்பியது தொழில்முறைப் படை. அர்ஜென்டினத் தரைப்படையினரில் பெரும்பாலோர் கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதினர். அவர்களுள் பலர் கோரியென்தெஸ் போன்ற வெப்பமான வடகிழக்கு மாகாணங்களிலிருந்து, உறைகுளிரில் ஈரப் பதுங்குகுழிகளுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். தோல்விக்குப் பின் ஊர் திரும்பியபோது, கண்டதை வெளியே பேசலாகாது என்று அவர்களிடம் கையொப்பம் வாங்கப்பட்டது.

பேசாதவர்களுக்குப் பிறர் பெயரிட்டனர். முதலில் வந்தது ‘சீக்கோஸ் தெ லா கெர்ரா’, அதாவது ‘போர்ப் பையன்கள்’. பரிவு தோய்ந்த சொல்தான். ஆயினும் பையன்களுக்காக இரங்குவோர் அவர்களிடம் சாட்சியம் கேட்பதில்லை. அடுத்தது ‘வெத்தெரானோ தெ கெர்ரா’, போர் மூத்தவர். இச்சொல் அவர்களைத் தம் அதிகாரிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. பசியால் உணவு திருடிய குற்றத்திற்காகக் கைகால்களை முளைகளில் கட்டி, குளிர்ந்த மண்ணில் தங்களைக் கிடத்தியவர்கள் என்று அவர்கள் குற்றஞ்சாட்டியது அந்த அதிகாரிகளைத்தான். அப்படையே 1976 முதல் சொந்த மக்களையும் ஒடுக்கி வந்தது. ஆகவே அவர்களுள் பலர் ‘எக்ஸ் கொம்பாத்தியெந்தே’ என்ற மூன்றாம் சொல்லைத் தேர்ந்தனர். முன்னர்ப் போரிட்டவர் என்பதே அதன் பொருள். புகழும் இல்லை, இரக்கமும் இல்லை. நிகழ்ந்தது மட்டும் உண்டு.

சொல்லாராய்ச்சி என்று இதனைக் கடந்துவிட இயலாது. தீவுகளில் கால்வைக்காமல், தென் கண்டப்பகுதியில் அணிதிரட்டப்பட்ட படையினர் தங்களையும் அப்பெயரால் ஏற்கக் கோரி, புவனோஸ் அய்ரெஸின் மாயோ சதுக்கத்தில் பல ஆண்டுகள் கூடாரமிட்டிருந்தனர். ஓய்வூதியமும் அங்கீகாரமும் அந்தச் சொல்லின் வரையறையைப் பொறுத்தே அமைகின்றன.

பெயரே இல்லாதவர்களும் இருந்தனர். 1983இல் பிரிட்டானிய அதிகாரி ஜெஃப்ரி கார்டோசோ, சிதறிக் கிடந்த அர்ஜென்டின உடல்களைத் திரட்டி டார்வின் இடுகாட்டில் அடக்கம் செய்தார். 121 கல்லறைகளில் ‘இறைவன் மட்டுமே அறிந்த அர்ஜென்டினப் படைவீரர்’ என்றே பொறிக்க முடிந்தது. எனினும் ஒவ்வோர் உடலும் கிடைத்த இடத்தையும் உடனிருந்த பொருள்களையும் அவர் குறித்து வைத்தார். அக்குறிப்புகளை, எதிரணியில் போரிட்ட ஹூலியோ ஆரோவிடம் பின்னாளில் ஒப்படைத்தார். 2017இல் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் மரபணுச் சோதனையைத் தொடங்கியது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், தம் மகனின் பெயர் பொறித்த கல்லைத் தாய்மார் தொட்டுப் பார்த்தனர்.

இனி என் சிக்கலுக்கு வருகிறேன். தமிழில் நாம் இயல்பாக எழுதுவது ‘முன்னாள் படைவீரர்’. அதிலுள்ள ‘வீரர்’, ஒருவர் களத்தில் என்ன செய்தார் என்று அறியுமுன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பசித்தவனும், அஞ்சியவனும், முளையில் கட்டப்பட்டவனும் அந்தத் தீர்ப்பினுள் மறைந்துபோகிறார்கள். ‘போராளி’ என்றால், தாமே விரும்பி ஒரு கொள்கைக்காகப் புறப்பட்டவர் என்ற பொருள் சாய்ந்து வருகிறது; கட்டாயத்தின் பேரில் சென்றவருக்கு அது பொருந்தாது. ‘சிப்பாய்’ பொருளால் அண்மையில் வருகிறது. ஆனால் நம் செவிக்குக் காலனிய நெடி வீசுகிறது.

அவர்கள் தங்களுக்கெனத் தேர்ந்த பெயரை, அவர்கள் கவனமாக விலக்கிய புகழ்ச்சியோடு திருப்பித் தருவது மொழிபெயர்ப்பாகாது என்பது என் நிலைப்பாடு. எனவே, செவிக்குச் சற்றுக் கரடாயினும், இப்போதைக்கு ‘முன்னாள் போரிட்டவர்’ என்றே எழுதி வருகிறேன். மொழிபெயர்ப்பிலும் சொற்பொருளியலிலும் ஈடுபாடுள்ள நண்பர்கள் இதனினும் பொருத்தமான சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். சொல் அழகாக இருத்தல் முக்கியமன்று. அவர்கள் கேட்டால் ‘ஆம், இது நாங்கள்தாம்’ என்று ஏற்கத்தக்கதாக இருந்தால் போதும்.