டிராயருக்குள்ள இருந்த மேனுவல்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு, மன்னிக்கணும். ரெண்டு மாசமா ஒரு தடிப் புத்தகத்தோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். நாவல் எல்லாம் இல்லீங்க, கிளிப்பர் மேனுவல் :-)

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கிளிப்பர் என்பது டாஸ் காலத்துக் கம்பைலர். டிபேஸ் மொழியில் எழுதினதை தனியா ஓடுற புரோகிராமா மாத்திக் கொடுக்கும். எனக்குச் சோறு போட்ட மகராசன்.

1994-ல் கோவையில் முதல் வேலை. ஆபீசுக்கே ஒரே செட் மேனுவல்தான். அதுவும் சீனியர் அண்ணன் டிராயரில், பூட்டோட. சந்தேகம்னு போய் நின்னா புத்தகத்தைக் கொடுக்க மாட்டார். அவரே புரட்டிப் பார்த்துச் சொல்லுவார். கட்டணம் ஒரு டீ. எங்களுக்கு வயித்தெரிச்சல்.

அடுத்த வருஷம் வேற கம்பெனி நண்பன் ஒருத்தன் பிளாப்பியில் நார்ட்டன் கைடு கொண்டு வந்தான். மெமரியில் போய் உட்கார்ந்துக்கும். எடிட்டரில் ஒரு ஃபங்ஷன் பேர் மேல கர்சரை வெச்சு கீயை அமுக்கினா, அதோட விளக்கம், உதாரணம் எல்லாம் திரையில் குதிக்கும். மேனுவலே உள்ள இருக்கு! இதுல கொடுமை என்னன்னா, அது கிளிப்பர் 5 பெட்டியோடவே வர்ற சமாச்சாரம். எங்க பிளாப்பியும் அதே டிராயரில்தான் தூங்கிட்டு இருந்திருக்கு.

அதுக்கப்புறம் அண்ணன் மேஜைப் பக்கம் ஒருத்தரும் போகலை. டீயும் நின்னு போச்சு. அப்போ எனக்கு அதுல ஒரு குரூர சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் அவர்கிட்ட இருந்து போன். "தம்பி, வீடு மாத்தறோம். அந்த மேனுவல் வேணும்னா எடுத்துட்டுப் போ, இல்லாட்டி எடைக்குப் போட்டுருவேன்." போய் எடுத்துட்டு வந்தேன். ஸ்கேன் பண்ணி, 2005-ல் ஓப்பன் சோர்ஸ் ஆன டெசராக்ட்ல விட்டேன். பக்கத்தோட படம் மேல இருக்கும், எழுத்து கண்ணுக்குத் தெரியாம அடியில் இருக்கும்; நாம தேடும்போது அந்த அடி எழுத்தைத்தான் தேடும். பூஜ்யத்தை ஓ-ன்னும், ஒண்ணை எல்-ன்னும் படிச்சு வெச்ச இடங்களைத் திருத்தறதுக்குள்ள தாவு தீர்ந்துச்சு.

ஆனா மார்ஜின் பூரா அண்ணனோட பென்சில் எழுத்து. டெசராக்டுக்கு அது வெறும் கிறுக்கல். இண்டெக்ஸ் பக்கத்தில், "டிரிம் போட்டு இண்டெக்ஸ் பண்ணாதே. ரெண்டு நாள் போச்சு"ன்னு எழுதியிருக்கார்.

எனக்கு அப்படியே தூக்கி வாரிப் போட்டுது. 1995-ல் ஒரு மில் ஸ்டாக் புரோகிராமில் நான் பண்ணின தப்பு அதேதான். கிளிப்பரில் இண்டெக்ஸ் கீயோட நீளம் எல்லா ரெக்கார்டுக்கும் ஒண்ணா இருக்கணும். டிரிம் போட்டா ஒவ்வொரு பேருக்கும் ஒரு நீளம். ரெக்கார்டு இருக்கும், தேடினா வராது. நான் நார்ட்டன் கைடை வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா தேடினேன், எல்லாம் தேடுற கமாண்டைப் பத்தி மட்டும். தப்பு இண்டெக்ஸ்லன்னு தெரிஞ்சாத்தானே அதைத் தேடறதுக்கு? காலையில் அண்ணன் வந்து, ஒண்ணும் பேசாம அந்த ஒரு வார்த்தையை அழிச்சுட்டுப் போனார். நான் டீ கூட வாங்கித் தரலை.

அதனால 112 குறிப்பையும் உட்கார்ந்து டைப் பண்ணி, அந்தந்தப் பக்கத்து எழுத்தோட சேர்த்தேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியலை. போன் போட்டேன்.

"எப்படி இருக்குன்னு சொல்லு."

"ஒரு டீ-ன்னா மாதிரி இருக்குங்ணா, பக்கத்துல நாலு கோடு."

சிரிச்சுட்டார். "அது புரோகிராம் இல்ல தம்பி. நீ தர வேண்டிய டீ பாக்கி."

அதையும் டைப் பண்ணிட்டேன். இப்போ 'பாக்கி'ன்னு தேடினா வருது.