பதினான்கு மில்லிமீட்டர்

2013ஆம் ஆண்டு, கழுத்தின் இரத்தக் குழாய்களைப் பார்ப்பதற்காக எடுத்த ஸ்கேனில் அது தற்செயலாகத் தென்பட்டது. தைராய்டின் வலது மடலில் 14 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு. மெல்லிய ஊசியால் உயிரணுக்களை எடுத்துச் சோதித்தார்கள். பெதஸ்டா எனப்படும் ஆறு வகைப் பாகுபாட்டில் இரண்டாவது வகை, அதாவது தீங்கற்றது என்று முடிவு வந்தது. அடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். "பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார் மருத்துவர்.

கழலை என்பது நம்மிடம் உள்ள பழைய சொல். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற வீக்கத்தைக் குறிப்பது. கண்ணாடியில் தெரியாத, விரலுக்கு அகப்படாத, விழுங்கும்போதும் உறுத்தாத ஒன்றை அச்சொல்லால் அழைக்க மனம் வரவில்லை. அறிக்கையில் எண்ணாக மட்டுமே அது இருந்தது. அந்த எண்ணும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 14, பிறகு 15, அடுத்து 13, மறுபடி 15. கருவியைப் பிடிக்கும் கை மாறினால் ஓரிரு மில்லிமீட்டர் மாறும். அதனால்தான் குறைந்தது இரு திசைகளில் ஐந்தில் ஒரு பங்கு கூடி, அந்தக் கூடுதல் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருந்தால்தான் அதை வளர்ச்சி என்று கணக்கில் கொள்கிறார்கள். இந்த ஒரு வரியை அறிக்கையின் அடியில் அச்சிட்டுத் தந்தால் எத்தனை பேருடைய உறக்கம் மிஞ்சும்!

இரத்தப் பரிசோதனை வேறு ஒரு நாடகம். எனக்குச் சுரப்புக் குறைவும் உண்டு. ஆகவே நாள்தோறும் ஒரு மாத்திரை. டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரக்கும் பொருளன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராக்ஸின் சற்றே குறைந்தாலும் இக்கட்டளை பன்மடங்கு உரத்து ஒலிக்கும். தைராக்ஸினின் அரை ஆயுள் சுமார் ஏழு நாள் என்பதால், மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் மறுபடி சோதிக்க வேண்டும். பத்தாம் நாளே ஆய்வகத்துக்கு ஓடுவது பணத்துக்கும் மனத்துக்கும் கேடு. முடி வளர விழுங்கும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றிப் பொய்க் கணக்குக் காட்டச் செய்யும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது காப்பி. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுப்படியில் டிக்காஷன் இறங்கும் மணத்தோடு ஒரு மணி நேரம் காத்திருப்பதை எந்த மருத்துவ நூலும் பக்க விளைவுகளில் சேர்க்கவில்லை.

நிற்க. என் அக்காவுக்கு இந்தக் காத்திருத்தல் பிடிக்கவில்லை. "எதுக்குடி மடியில கட்டிண்டு அலையறே? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரேன்" என்பாள். அவளுடையது அன்பு, ஆனால் எடுத்துப்போட்டால் நிம்மதி என்ற கணக்கு அவ்வளவு எளிதன்று. 1985இல் பின்லாந்தில் 101 பிரேதப் பரிசோதனைகளில் தைராய்டை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் சிறு புற்று இருந்தது கண்டறியப்பட்டது. தென்கொரியாவில் ஸ்கேன் பரவலானதும், 2011இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993ஐப்போலப் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் விகிதமோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2014இல் அந்நாட்டு மருத்துவர்களே இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில் 1993 முதல், 1 சென்டிமீட்டருக்கு மேற்படாத, அபாயக் குறிகளற்ற புற்றுகளைக்கூட உடனே அறுக்காமல் கண்காணித்து வருகிறார்கள். 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 1,235 பேரில் எவரும் அந்தப் புற்றால் இறக்கவில்லை. பத்தாண்டுகளில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளர்ந்தவை நூற்றுக்கு எட்டு. புற்றுக்கே இப்படியென்றால், தீங்கற்றது என்று சொல்லப்பட்ட முடிச்சுக்காக நான் ஏன் கத்தியைத் தேடிப் போக வேண்டும்? தைராய்டை ஒட்டியே குரல்வளை நரம்பு ஓடுகிறது. வகுப்பறையில் குரலை வைத்துப் பிழைப்பவள் நான்.

கத்தியே கூடாது என்ற கட்சியும் எனதன்று. குரல் கம்மினால், விழுங்க முடியாமற்போனால், முடிச்சு விரைந்து வளர்ந்தால், கழுத்தில் நெறிகட்டினால் அன்றைக்கே போய் நிற்க வேண்டியதுதான். அதற்காகத்தானே இத்தனை கண்காணிப்பும்.

பழைய மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். 2024இல் புதியவரிடம் சென்றபோது, சென்ற முறை எடுத்த படத்தை அவர் ஒதுக்கிவிட்டு 2013ஆம் ஆண்டுப் படத்தைக் கேட்டார். ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் ஊர்ந்து வளர்வது முந்தைய படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் தெரியாது என்றார். நல்லவேளை, கோப்பில் அது பழுத்துப்போய் இருந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். 15 மில்லிமீட்டர். இனி இரண்டு ஆண்டு கழித்து வந்தால் போதும் என்றார்.

அன்று மாலை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அதுவரைக்கும் அது சும்மா இருக்குமாமா?" என்றாள்.