எங்கட ஹைலக்ஸுக்கு என்ன சொக்?

ஜூலைப் பள்ளி விடுமுறைக்கு மெல்பேர்ணில் இருந்து தெற்கு அவுஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா ட்ராக்குக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தோம். நான், இவர், 11 வயது மகன், அதோடு என்ர அப்பா. அப்பாவுக்கு 74 வயது. முதுகில் ஒரு சத்திரசிகிச்சை செய்தவர். அம்மா போய் இரண்டு வருசம். இரண்டு கிழமைக்கு அவரைத் தனிய வீட்டில் விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவரோ, "நான் வரேல்லை பிள்ளை, என்ர முதுகுக்காக நீங்கள் ஆமை வேகத்தில போக வேண்டாம். போட்டு வாங்கோ" என்று நின்றார். டொக்டர் சொன்னது: நீண்ட நேரக் குலுக்கம் கூடாது, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்கி நடக்க வேண்டும். எங்கட ஹைலக்ஸின் பழைய சொக்குகள் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தன. ஆகவே, எந்த சொக் போடுவது என்ற கேள்வியும் அப்பா வருவாரா என்ற கேள்வியும் ஒன்றாகிவிட்டன.

எங்களைப் போல இங்கே வளர்ந்த நிறையப் பேர் இப்ப நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் வைத்திருக்கிறோம். புல்பார், கனோப்பி, கூரைக் கூடாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். சொக் வாங்கப் போனால், கடையில் முதலில் கேட்பது "எத்தனை இஞ்சி உயர்த்தப் போறீங்கள்?" என்பதுதான். யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்த அப்பா கேட்ட முதல் கேள்வி வேறு: "நிறை பாத்தனீங்களோ?"

சொக் என்ன செய்கிறது என்பதை அவர் மகனுக்கு விளங்கப்படுத்தியது குசினியில். மருந்து குடுக்கிற பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சில் சமையல் எண்ணெயை நிரப்பினார். "மெல்லமாத் தள்ளு தம்பி." எண்ணெய் சுகமாக வந்தது. "இப்ப கெதியாத் தள்ளு." பெருவிரல் நொந்தது. அவ்வளவுதான் விசயம். ஸ்பிரிங் நிறையைத் தாங்கும். சொக் நிறையைத் தாங்காது; ஸ்பிரிங் ஆடுகிற வேகத்தைத்தான் பிடிக்கும். உள்ளே பிஸ்டனில் இருக்கிற சின்ன ஓட்டைகளுக்குள்ளால் ஓயில் போக வேண்டும். வேகமாக அசைந்தால் எதிர்ப்புக் கூடும். அந்த அசைவின் சக்தி எல்லாம் சூடாக மாறும். சொக்கின்ர வேலையே ஆட்டத்தைச் சூடாக்கி வெளியே விடுவது.

ஊட்னடாட்டா ட்ராக் மரீயில் இருந்து மார்லா வரை 620 கிலோமீற்றர் அளவு. பாறை ஏறுகிற பாதை இல்லை. பெரும்பாலும் அகலமான மண் றோட்டு. அங்கே பிரச்சினை மண்ணில் வரிவரியாக விழுந்திருக்கிற அலைகள். இங்கே 'கொறுகேசன்' என்பார்கள். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் முக்கால் மீற்றர் என்று வைத்து மகன் கணக்குப் பார்த்தான். 80 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு செக்கனுக்கு 30 தரம் சில்லு ஏறி இறங்கும். 60 இல் போனால் 22 தரம். இது மணிக்கணக்காக நடக்கும். ஓயில் சூடேறி இளகும், உள்ளே இருக்கிற காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த ஓயில் எதையும் பிடிக்காது. பிறகு ஸ்பிரிங் தன்பாட்டில் ஆடும்; வாகனம் வளைவில் பக்கவாட்டாக இழுபடும்; முதுகு எல்லாவற்றையும் வாங்கும்.

அப்பாவின் சொல்லைக் கேட்டு, பயணத்துக்குக் கட்டுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, நாலு பேரும் இருந்து, பொது நிறுவைத் தளத்துக்குப் போனோம். வெறுமையாக 2,280 கிலோ இருந்த வாகனம் 2,940 ஆகியிருந்தது. பிளேட்டில் போட்டிருக்கிற உச்ச நிறைக்கு 110 கிலோதான் மிச்சம். முன் அச்சில் கூடியது 80 கிலோ, பின் அச்சில் 580. நான் எதிர்பார்க்காத இலக்கம் அந்த 580. கனோப்பி, தண்ணீர், ஃபிரிட்ஜ், கூடாரம், பின் ஆசனத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் பின்பக்கம்தானே. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 60 லீற்றர் கொண்டு போனால் அது இன்னொரு ஆள்.

ஹைலக்ஸுக்கு முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங், பின்னுக்கு அடுக்குத் தகடு. பின் தகடுகளை எப்போதும் இருக்கிற நிறைக்கு ஏற்ற மாதிரித் தரம் பிரித்து விற்கிறார்கள். கடைக்காரர் எங்கட 580 ஐப் பார்த்ததும் ஆகக் கூடின தரத்தைக் காட்டினார். அதோடு தனிப் போத்தல் வைத்த மொனோரியூப் சொக், 50 மில்லிமீற்றர் உயர்வு. விலையைப் பார்த்து இவர் என்னைப் பார்த்தார். அதில் பிழையான பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் அந்த நிறையோடு ஓடுவது வருசத்தில் இரண்டு, மூன்று கிழமை. மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், வேலை, அப்பாவின் ஆஸ்பத்திரி. பாரத்துக்கு என்று செய்த தகடு வெறும் வாகனத்தில் மடங்காது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின் ஆசனம் உதைக்கும்.

சொக்கில் இரண்டு பெரிய வகை உண்டு. ருவின்ரியூப் என்பது குழாய்க்குள் குழாய்: உள் குழாயில் பிஸ்டன், வெளிக் குழாயில் மேலதிக ஓயிலும் குறைந்த அழுத்தத்தில் காஸும். மொனோரியூப்பில் ஒரே குழாய்: ஓயிலையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைத்திருக்கும். ஓயில் நேரே வெளிச்சுவரைத் தொடுவதால் கெதியாக ஆறும், நுரைப்பதும் குறைவு. தனிப் போத்தல் வைத்தால் ஓயிலும் கூட, ஆறும் இடமும் கூட. வேகமாகவும் பாரமாகவும் நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கு அதுதான் சரி. அதன் பலவீனம், கல் பட்டுச் சுவர் நெளிந்தால் பிஸ்டன் அங்கேயே இறுகும். ருவின்ரியூப்பில் வெளிக் குழாய் கொஞ்சம் நெளிந்தாலும் உள்ளே வேலை நடக்கும். விலையும் அரைவாசி அளவுதான் வந்தது.

படித்து முடிவெடுக்க முடியாத இடத்தில் அப்பாவின் முதுகையே அளவுகோலாக்கினோம். தெரிந்த இரண்டு குடும்பங்களிடம் எங்களுடையதைப் போன்ற ஹைலக்ஸ். ஒன்றில் விலை கூடின மொனோரியூப்பும் பாரத் தகடும். மற்றதில் பெரிய ருவின்ரியூப்பும் நடுத்தரத் தகடும். ஒரு சனிக்கிழமை இரண்டிலும் அப்பாவைப் பின் ஆசனத்தில் இருத்தி, ஒரே மண் றோட்டில் 20 கிலோமீற்றர் ஓடினோம். முதலாவதில் இருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "சொக் நல்ல சொக். ஸ்பிரிங்தான் கூடிப்போச்சு. பாரம் ஏத்தினா இது ராசா மாதிரிப் போகும்." இரண்டாவதில் இறங்கி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சத் தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்து, "ரீ இருக்கோ?" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

உயர்வு விசயத்தையும் அவர்தான் தீர்த்தார், தெரியாமலே. 50 மில்லிமீற்றர் உயர்த்தினால் கதவுப்படி அவருக்கு அவ்வளவு உயரமாகும். ஒன்றரை மணிக்கொருக்கால் இறங்கி ஏற வேண்டிய மனிதர். உயரம் கூடினால் முன் அச்சின் மூட்டுகளுக்கும் கோணம் கூடும், சில்லு நேர்படுத்தலும் கடினம். சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். நாங்கள் 30 மில்லிமீற்றரோடு நின்றோம். பக்கப்படி ஒன்றும் கைபிடி ஒன்றும் போட்டோம்.

கடைசியில் போட்டது: ஒரே தயாரிப்பாளரின் நடுத்தர ஸ்பிரிங்குகளும் அவற்றுக்கென்றே அமைத்த பெரிய ருவின்ரியூப் சொக்குகளும், றப்பர் புஷ்களோடு. மிச்சக் காசு பெற்றோலுக்கு. நடுத்தரத் தகட்டுக்கு 580 கூடத்தான். அதனால் அப்பா கொப்பி எடுத்து, சாமான்களில் 80 கிலோவைக் கழித்தார். இரண்டாவது உதிரிச் சில்லு போனது, என்ர வார்ப்பிரும்புச் சட்டியும் போனது. "நிறையைக் குறைக்கிறதுக்குக் கடையில காசு கேக்க மாட்டாங்கள்" என்றார்.

மரீயில் தார் முடிந்த இடத்தில் ரயர்க் காற்றை 38 பிஎஸ்ஐயில் இருந்து 28 ஆக்கினோம். வேகம் 60. உண்மையைச் சொன்னால், குலுக்கத்தைக் குறைத்ததில் இந்த இரண்டுக்கும் பெரும் பங்கு. இறங்கி நடக்கிற ஒவ்வொரு தரமும் மகன் குனிந்து, தூரத்தில் பிடித்துச் சூடு பார்க்கிற வெப்பமானியால் நாலு சொக்கையும் அளந்து எழுதினான். இதுவும் அப்பா சொல்லிக் குடுத்ததுதான்: ஒரே றோட்டில் ஓடி வந்த நாலில் ஒன்று மட்டும் குளிராக இருந்தால், அது வேலை செய்யாமல் செத்துப்போனது. எங்களுக்குப் பின்னுக்கு 74, 73; முன்னுக்கு 58, 57. "நாலும் உயிரோட இருக்கு அம்மப்பா!" என்று கத்துவான். சில்லு, நிறை, சூடு என்று அவன் கொப்பியில் தமிழில் எழுதியதை நான் சொல்லி எழுதுவித்ததில்லை.

மார்லா வரை நாங்கள் போகவில்லை. மூன்றாம் நாள் கவர்ட் ஸ்பிரிங்ஸில் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கைவிட்ட பழைய கான் றெயில்பாதைக்குப் பக்கத்தில், பேரீச்ச மரங்களுக்குக் கீழே இன்னுமொரு நாள் தங்கினோம். ஊற்றுத் தண்ணித் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு அவரும் மகனும் அரைநாள் இருந்தார்கள். பிறகு வில்லியம் கிறீக் வரை போய்த் திரும்பினோம். எந்த சொக்கும் 74 வயது முதுகை 40 ஆக்காது. ஆனால் அவர் வந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயணம் யோசனையில் இருந்தால், கடைக்குப் போக முதல் நிறுவைத் தளத்துக்குப் போங்கள். வருசம் முழுக்க எவ்வளவு நிறையோடு ஓடுவீர்கள் என்று பார்த்து ஸ்பிரிங்கைத் தெரிவு செய்யுங்கள். சொக்கை அந்த ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாக எடுங்கள். முடிந்தால் வாங்க முதல் அதே செட் போட்ட ஒருவரின் வாகனத்தில் ஏறி ஓடிப் பாருங்கள். பூட்டி ஆயிரம் கிலோமீற்றருக்குள் போல்ட்டுகளை ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள். ஓடிப் பார்க்கிற நாளில் பின் ஆசனத்தில் உங்கள் வீட்டில் ஆக மூத்தவரை இருத்துங்கள். முன்னுக்கு இருக்கிற எங்களுக்கு எல்லா சொக்கும் நல்ல சொக்தான்.